கல்லூரி ஆண்டு மலருக்கு மாணவ ஆசிரியர் ஆகிவிட்டீர்களா? குழுவை நடத்த ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டு மலருக்கு மாணவ ஆசிரியர் கிடைப்பது இப்படித்தான்: ஜூலையிலோ ஆகஸ்டிலோ தமிழ்த்துறை ஐயா வராந்தாவில் கூப்பிட்டு, "இந்த வருசம் மலரை நீதாம்ப்பா பாத்துக்கணும்" என்பார். கூப்பிடப்படுகிறவர் பெரும்பாலும் நன்றாகக் கவிதை எழுதுபவராகவோ பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவராகவோ இருப்பார். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்த பிறகுதான் தெரியும், இந்த வேலையில் எழுத்து குறைவு, ஆட்கள் அதிகம் என்று. சம்பளம் இல்லாமல், இன்டர்னல் தேர்வுக்கும் அசைன்மென்டுக்கும் நடுவே உழைக்க வேண்டிய பத்துப் பேர். படைப்பைக் கொடுத்துவிட்டு வருமா வராதா என்று காத்திருக்கும் நூறு பேர். எதுவும் சொல்லாமல் கவனித்துக்கொண்டிருக்கும் நிர்வாகம்.

நான் பார்த்தவரை மலர்க் குழுக்கள் சண்டை போட்டுப் பிரிவது குறைவு. தனக்கு என்ன வேலை என்று தெரியாது, செய்த வேலை சரியா என்று யாரும் சொல்லவில்லை, கொடுத்த கட்டுரை எந்தக் கோப்பில் கிடக்கிறது என்று தகவல் இல்லை. இப்படி இருந்தால் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிடுவார்கள். அதனால் கீழே எந்தக் கட்டத்தைப் பற்றிச் சொன்னாலும் ஒரு வேலை கூடவே வரும்: நிலவரம் என்ன என்பதை உரியவருக்கு அவ்வப்போது சொல்லிவிடுவது.

முதலில் பொறுப்பாசிரியரிடம் அரை மணி நேரம்

குழு அமைப்பதற்கு முன்பே பொறுப்பாசிரியரிடம், அதாவது மலருக்குப் பொறுப்பான பேராசிரியரிடம், உட்கார்ந்து பேசிவிடுங்கள். போன ஆண்டு எத்தனை பக்கம், எத்தனை பிரதி, இந்த ஆண்டு பட்ஜெட் எவ்வளவு, வெளியீடு கல்லூரி நாளிலா வேறு விழாவிலா, அச்சகங்களிடம் கொட்டேஷன் வாங்குவது யார். இவற்றை எல்லோரும் கேட்பார்கள். பலர் கேட்க மறப்பது வேறொன்று: கடைசியில் "அச்சுக்குப் போகலாம்" என்று கையெழுத்துப் போடுவது யார்? பொறுப்பாசிரியரா, முதல்வரா, செயலரா? அவர் எந்தக் கட்டத்தில் பார்ப்பார்? பக்கமெல்லாம் வடிவமைத்து முடித்த பிறகு முதல் தடவையாகப் பார்க்கிறவர் எதையாவது எடுக்கச் சொல்வார். ஒரு கட்டுரையை எடுத்தால் பின்னால் இருக்கிற எல்லாப் பக்கமும் நகரும். தட்டச்சு முடிந்ததும், வடிவமைப்புக்குப் போகும் முன்பே, அவர் மேசைக்கு ஒரு கட்டு போய்விட வேண்டும்.

எந்தெந்த விஷயங்கள் கட்டாயம் தன் கண்ணில் பட வேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்பதையும் கேட்டு வையுங்கள். சாதி, மதம், தேர்தல் அரசியல், நிர்வாகம் பற்றிய கேலி ஆகிய நான்கும் எல்லாக் கல்லூரிப் பட்டியலிலும் இருக்கும். விடுதிச் சாப்பாடு சில கல்லூரிகளில் ஐந்தாவது.

யாரைச் சேர்ப்பது

எட்டிலிருந்து பத்துப் பேர் போதும். இருபது பேர் பெயர் கொடுப்பார்கள். குழுப் படம் எடுக்கிற அன்று இருபது பேரும் வருவார்கள். வேலை நடப்பது பத்துப் பேரால்தான்.

தமிழ்த்துறையை மட்டும் நம்பாதீர்கள். பி.காம்.மிலும் கணிதத்திலும் ஆள் இல்லாவிட்டால் அந்த வகுப்புகளிலிருந்து ஒரு பக்கமும் வராது. இரண்டு ஷிஃப்ட் நடக்கும் கல்லூரி என்றால் இரண்டிலிருந்தும் ஆள் வேண்டும். காலை ஷிஃப்ட் மாணவர் கிளம்பும் நேரத்தில் மாலை ஷிஃப்ட் உள்ளே வரும், அந்த இடைவெளிதான் உங்கள் கூட்ட நேரம். கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள், இருட்டுவதற்குள் வீடு போயாக வேண்டிய பெண்கள், விடுதியில் தங்குபவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் என்ன நேரம் முடியும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். மாலை ஆறு மணிக்கு வைக்கிற கூட்டம் பாதிப் பேரை வாயைத் திறக்காமலே வெளியே தள்ளிவிடும்.

இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். இரண்டாமாண்டும் முதலாண்டும் கலந்திருந்தால்தான் அடுத்த வருடம் மலருக்கு ஆள் இருக்கும்.

தேர்வு எதுவும் தேவையில்லை, ஒரு சின்னச் சோதனை போதும். பிழை மலிந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து, "இதை வீட்டில் உட்கார்ந்து திருத்தி நாளைக்குக் கொண்டுவா" என்று சொல்லுங்கள். யார் எழுத்துப்பிழை பார்க்கிறார், யார் வாக்கியத்தையே மாற்றி எழுதுகிறார், யார் மறுநாள் சொன்னபடி கொண்டுவருகிறார் என்று மூன்றும் ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். மூன்றாவதுக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

அப்புறம் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். படைப்புகளைப் பதிவு செய்ய ஒருவர், படிக்கவும் திருத்தவும் துணை ஆசிரியர்களாக நான்கு பேர், புகைப்படத்துக்கு ஒருவர், துறைகளில் அலைந்து அறிக்கையும் பெயர்ப் பட்டியலும் வாங்க இரண்டு பேர், வடிவமைப்புக்கும் அச்சகத்துக்கும் ஒருவர். "எல்லாரும் சேர்ந்து எல்லாம் பாத்துக்கலாம்" என்ற ஏற்பாட்டில் கடைசியில் எல்லாவற்றையும் பார்ப்பது நீங்கள் ஒருவர்தான்.

வாட்ஸ்அப் குழு இரண்டாக இருக்கட்டும். ஒன்றில் நீங்களும் பொறுப்பாசிரியரும் மட்டும் பதிவிடலாம். தேதி, முடிவு, அறிவிப்பு மட்டும் அதில் வரும். இன்னொன்று அரட்டைக்கு. ஒரே குழுவில் இரண்டையும் கலந்தால் கடைசித் தேதி எங்கோ இரண்டு மீம்களுக்கு நடுவில் புதைந்து கிடக்கும்.

நாட்காட்டி

நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு, ஜனவரியில் பொங்கல் விடுமுறை, மார்ச்சில் கல்லூரி நாள் என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணுங்கள். ஆகஸ்டில் அறிவிப்பு, செப்டம்பர் கடைசியில் படைப்பு பெறுவது முடிவு, அக்டோபரில் படிப்பதும் திருத்துவதும், நவம்பரில் ஒன்றும் கிடையாது. டிசம்பரிலும் ஜனவரியிலும் வடிவமைப்பு, பிப்ரவரி முதல் வாரம் அச்சகம். அந்த நவம்பரை உண்மையிலேயே காலியாக விடுங்கள். தேர்வு நேரத்தில் "ஒரு பக்கம் மட்டும் பாத்துடேன்" என்று கேட்கிற மாணவ ஆசிரியரை டிசம்பரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

வந்ததற்கெல்லாம் ஒரு எண்

கூகுள் ஷீட் ஒன்று திறந்து, வந்த படைப்புக்கு வரிசை எண், பெயர், வகுப்பு, கைபேசி எண், வந்த தேதி, யார் படிக்கிறார், முடிவு, பதில் சொல்லியாயிற்றா என்று பத்தி போடுங்கள். கடைசிப் பத்தி காலியாக இருக்கும் வரிகளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாருங்கள். இதைவிடப் பெரிய நிர்வாகத் தத்துவம் எதுவும் இங்கே தேவைப்படாது.

கையில் எழுதித் தருகிற தாளை "அப்புறம் டைப் பண்ணிக்கலாம்" என்று பையில் போடாதீர்கள். வாங்கியவுடன் படம் எடுத்துப் பொதுக் கோப்புறையில் ஏற்றிவிட்டு, எண்ணைத் தாளின் மூலையில் எழுதுங்கள்.

படிப்பதும் பதில் சொல்வதும்

ஒவ்வொரு படைப்பையும் இரண்டு பேர் படிக்க வேண்டும், பெயரை மறைத்து. உங்கள் சொந்தப் படைப்பையும் உங்கள் நெருங்கிய நண்பரின் படைப்பையும் நீங்கள் முடிவு செய்யக் கூடாது. துணை ஆசிரியர்களிடம் விட்டுவிடுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இந்த ஒரு விதியை நீங்கள் மதித்தால் மற்ற எல்லா விதிகளையும் குழு மதிக்கும்.

கவிதைகள் குவியும். அம்மா, நட்பு, நிலா, விவசாயி, மறுபடியும் அம்மா. அவற்றில் சில வாட்ஸ்அப்பில் சுற்றியவையாக இருக்கும். சந்தேகப்படுகிற இரண்டு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். தேடலில் அகப்படாமல், ஆனால் வழவழவென்று, யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி ஒரு கட்டுரை வந்தால் அது செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதியதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் கருவிகளைத் தமிழுக்கு நான் நம்ப மாட்டேன். எழுதியவரைக் கூப்பிட்டு, "இது எப்படித் தோணிச்சு? இந்த இரண்டாவது பத்தியைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லு" என்று கேளுங்கள். சொந்தமாக எழுதியவர் எழுதாத விஷயத்தையும் சேர்த்துச் சொல்வார். குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம், தனியாகக் கேளுங்கள்.

எடுக்காத படைப்புக்கும் பதில் போக வேண்டும். இதைத்தான் எல்லாக் குழுக்களும் தள்ளிப் போடுகின்றன. "பரிசீலனையில் உள்ளது" என்று மார்ச் வரை இழுத்து, மலரைப் புரட்டி அவரே தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவது கோழைத்தனம். பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை:

"தம்பி, உன் கவிதையைப் படிச்சோம். இந்த மலருக்கு எடுக்கலை. முதல் பத்து வரியில் வர்ற நிலாவும் மேகமும் வந்ததில் பாதிக் கவிதையில் இருக்கு. ஆனா கடைசியில் வர்ற, பாஸ் தொலைஞ்ச அன்னைக்குக் கண்டக்டர் பேசின பேச்சு உன்னோடது. அதை மட்டும் வெச்சு ஒரு பக்கம் எழுதித் தந்தா 20ஆம் தேதி வரைக்கும் வாங்கிக்கிறேன்."

முடிவு முதலிலேயே வந்துவிடுகிறது, காரணம் இருக்கிறது, அடுத்து என்ன செய்யலாம் என்பதும் இருக்கிறது. மறுபடி எழுதித் தருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் அடுத்த வருடம் உங்கள் குழுவுக்கு ஆள் தேடும்போது அவர்களில் ஒருவர் நிற்பார்.

திருத்தம்: எழுதியவருடையதை அவரிடமே விடுவது

தூத்துக்குடிப் பக்கத்து முதலாண்டு மாணவி ஒருவர் தன் தாத்தாவைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பம் இப்படி இருக்கும்: "மனித வாழ்வில் உழைப்பு என்பது இன்றியமையாத ஒன்றாகும். அத்தகைய உழைப்பின் சிறப்பினை உணர்த்தும் வகையில் என் தாத்தா பனைத் தொழிலை மேற்கொண்டு வந்தார்." பள்ளிக்கூடக் கட்டுரை வாசனை. மூன்றாவது பத்தியில் திடீரென்று ஆள் வந்துவிடுகிறார்: "விடியுமுன்னே அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்புவார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ மறந்தால் பதநீர் கள்ளாகிவிடும் என்று ஆச்சி பின்னாலேயே சத்தம் போடுவாள்."

உங்கள் துணை ஆசிரியர் முதல் இரண்டு பத்தியையும் அப்படியே விட்டுவிட்டு, "அருவாப்பெட்டி"யை "அரிவாள் பெட்டி" என்றும் "ஆச்சி"யைப் "பாட்டி" என்றும் திருத்திக் கொண்டுவந்து நிற்கிறார். உழைத்திருக்கிறார், ஆனால் எதைத் தொடக் கூடாதோ அதைத் தொட்டிருக்கிறார். இங்கே நீங்கள் சிவப்பு மையை எடுத்து அவர் திருத்தத்தைத் திருத்தினால் அவர் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: "எப்படியும் அக்கா மாத்திருவாங்க." அதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்தக் கட்டுரையில் உனக்கு எது ஞாபகம் நிக்குது?" என்று கேளுங்கள். பதநீரையும் ஆச்சியையும்தான் சொல்வார். "அப்ப கட்டுரை எங்கே ஆரம்பிக்கணும்?" முதல் இரண்டு பத்தியை அவரே வெட்டுவார். பழைய சொற்களைத் திரும்பப் போட்டுவிட்டு எழுதிய மாணவிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்: வெட்டியதை அவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஆச்சி சத்தம் போட்டதை இன்னும் நாலு வரி எழுதித் தர முடியுமா என்றும் கேட்க வேண்டும். அரை மணி நேரம் போகும், போகட்டும். ஆளுக்கு ஒரு தடவை இப்படி உட்கார்ந்தால் அடுத்தடுத்த கட்டுரைகளை அவர்கள் உங்களிடம் காட்டாமலே சரியாகத் திருத்துவார்கள்.

எழுத்துப்பிழைக்கு நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, சந்திப்பிழைக்கு அவருடையதே ஆன நாவி ஆகியவற்றை இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். கருவி சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளாமல், ஒவ்வொன்றையும் பார்த்து ஏற்கச் சொல்லுங்கள். வட்டாரச் சொல்லையும் ஊர்ப்பெயரையும் அவை பிழை என்று காட்டக்கூடும்.

ஒரே பக்கத்தில் அடங்கும்படி ஒரு நடைக் குறிப்பு எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளியும் இடைவெளியும் எப்படி, "முனைவர்" எங்கே வரும், எண்கள் எழுத்திலா இலக்கத்திலா, வகுப்புப் பெயரை எப்படிச் சுருக்குவது. இல்லாவிட்டால் நான்கு திருத்துநர்கள் நான்கு மலர் போடுவார்கள்.

ஆட்களைத் தாங்குவது

குழுவில் ஒருவர் காணாமல் போவார். வாட்ஸ்அப்பில் நீல டிக் வரும், பதில் வராது. பொதுக் குழுவில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், அதோடு அவர் முடிந்தார். கேண்டீனில் பிடித்து உட்கார வைத்து, "உன் கையில் இருக்கிறதில் எதை நான் வேற ஆளுக்கு மாத்தட்டும்?" என்று கேளுங்கள். அரியர் இருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், முகூர்த்த நாளெல்லாம் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பீஸ் கட்டுகிறவராக இருக்கலாம். வேலையைக் குறையுங்கள், பெயரை எடுக்காதீர்கள். இரண்டு தடவை குறைத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மட்டும், "இந்த வருசம் உனக்கு முடியலை, பரவாயில்லை" என்று நேரில் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம், எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்கிறவர். பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருப்பீர்கள். "நானே செஞ்சா சீக்கிரம் முடிஞ்சுரும்" என்பது உண்மைதான், முதல் மூன்று வாரத்துக்கு.

அண்ணா, அக்கா மரியாதை நம் கல்லூரிகளில் நல்ல விஷயம், கூட்டத்தில் மட்டும் அது இடைஞ்சல். மூன்றாமாண்டு அண்ணா "அட்டைப்படம் சூப்பர்" என்று சொன்ன பிறகு முதலாண்டு மாணவர் "தலைப்பைப் படிக்கவே முடியலையே" என்று சொல்ல மாட்டார். எனவே கருத்துக் கேட்கும்போது முதலாண்டிலிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள்.

வருகைப்பதிவை மறக்காதீர்கள். அது 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதற்கே சிக்கல். மலர் வேலைக்காக வகுப்பை விடுகிற நாளுக்கு ஓ.டி. (ஆன் டூட்டி, கல்லூரி வேலையாகப் போனதாகக் கணக்கு) கடிதத்தைப் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கித் துறைத் தலைவரிடம் சேர்ப்பது உங்கள் வேலை. செமஸ்டர் முடிவில் வருகை குறைந்து, தேர்வு எழுத அனுமதி கேட்டுக் கண்டோனேஷன் கட்டணம் கட்டுகிற உறுப்பினருக்கு நீங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் பிரயோஜனம் இல்லை.

மலர்க் குழுப் பக்கத்தில் பெயர்களை மொத்தமாகக் கொட்டாமல், யார் என்ன செய்தார் என்று போடுங்கள். மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை) பார்த்தவர், படம் எடுத்தவர், தட்டச்சு செய்தவர். விகடன் மாதிரி இடங்களின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறவருக்கு அந்த ஒரு வரி கையில் காட்ட உதவும்.

மேலிருந்து "இது வேண்டாம்" என்று வந்தால்

வரும். முதலில் எந்த வரி, என்ன காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழுக் கட்டுரையையும் எடுக்கச் சொன்ன இடத்தில் ஒரு பத்தியை மாற்றினால் போதும் என்பது பேசும்போதுதான் தெரியவரும். கழிப்பறையில் தண்ணீர் வராததை எழுதிய கட்டுரை என்றால், நிர்வாகம் என்ன செய்யப் போகிறது என்ற பதிலையும் வாங்கிக் கூடவே போடலாம் என்று சொல்லிப் பாருங்கள். கட்டுரைக்கும் அது நல்லது.

அப்படியும் முடியாது என்றால் எழுதியவரிடம் அன்றைக்கே நேரில் போய்ச் சொல்லுங்கள். "இடம் பத்தலை" என்று பொய் சொல்லாதீர்கள். அவரைக் கேட்காமல் வரியை மாற்றி அவர் பெயரிலேயே அச்சிடுவது அதைவிட மோசம். மாற்றத்துக்கு அவர் சம்மதிக்காவிட்டால் கட்டுரையைத் திரும்பக் கொடுத்துவிடலாம். குழுவிடமும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், பொறுப்பாசிரியரை வில்லனாக்காமல். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

அச்சகத்துக்குப் போகும்போது

தனியாகப் போகாதீர்கள், ஒரு ஜூனியரையாவது கூட்டிப் போங்கள். போகும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த மென்பொருள், எந்த எழுத்துரு? பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிற அச்சகம் என்றால், கைபேசியிலும் கணினியிலும் இப்போது நாம் தட்டச்சு செய்கிற யூனிகோடு அதில் ஏறாது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது கட்டுரைக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல்லும் மின்னஞ்சல் முகவரியும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் கூட்டமாகிவிடும். அப்படிப்பட்ட இடங்களை முன்பே வண்ணமிட்டுக் கொடுங்கள். இன்டிசைன் மென்பொருளில் யூனிகோடாகவே போடலாம், ஆனால் அதில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தை விட்டு இடம் மாறி நிற்கும்.

பக்கங்களை ஃபாரம் கணக்கில் யோசியுங்கள். பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். 128 பக்க மலரில் இரண்டே பக்கம் கூடினாலும் காகிதமும் கூலியும் அந்த இரண்டு பக்கத்தோடு நிற்காது. புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 6 அங்குல அகலத்துக்கு 1800 பிக்சல் வேண்டும்.

மெய்ப்பை இரண்டு பேராகப் பாருங்கள்: ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பில் விரல் வைத்துப் போக வேண்டும். எழுதியவரோ திருத்தியவரோ தன் பக்கத்தைத் தானே பார்க்கக் கூடாது, கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். பெயர்ப் பட்டியல், தலைப்பெழுத்து, படத்துக்குக் கீழே நிற்பவர்களின் வரிசை ஆகியவற்றை அந்தந்தத் துறையில் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கவிதையில் ஒற்று விட்டுப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆசிரியர் ஒருவரின் பட்டம் விட்டுப் போனால் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓயாது. அப்படிப் பேச்சு வந்தால் முதல்வர் அறையில் போய் நிற்க வேண்டியது நீங்கள், அந்தப் பக்கத்தைப் பார்த்த இரண்டாமாண்டுப் பெண் அல்ல.

அடுத்தவரிடம் கொடுப்பது

மலர் வெளியாகி ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் தேர்வு தொடங்கும் முன், அடுத்த ஆண்டுக்கு யார் என்று பொறுப்பாசிரியரிடம் உங்கள் கருத்தைச் சொல்லிவிடுங்கள். அடுத்து வரும் மாணவ ஆசிரியரை உட்கார வைத்துப் பதிவேடு, நடைக் குறிப்பு, அச்சகக் கொட்டேஷன்கள், திறந்து திருத்தக்கூடிய வடிவமைப்புக் கோப்பு எல்லாவற்றையும் காட்டுங்கள். பி.டி.எஃப். மட்டும் கொடுத்தால் அவர் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்தத் துறையில் அறிக்கை கேட்டால் உடனே கிடைக்கும், எங்கே நாலு தடவை நடக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுத வேண்டாம், வாயால் சொல்லுங்கள். கோப்புறை உங்கள் சொந்தக் கணக்கிலோ, படிப்பு முடிந்ததும் மூடிவிடுகிற கல்லூரி மாணவர் மின்னஞ்சலிலோ இருந்தால், டி.சி. வாங்குவதற்கு முன் துறையின் பொதுக் கணக்குக்கு மாற்றிவிட்டுக் கடவுச்சொல்லைப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.